அரைச் சீட்டுப் பயணிகள்

நம் ஊர்ப் பேச்சில் சிறு பிள்ளைகளைச் செல்லமாகவும் சில வேளை ஏளனமாகவும் 'அரை டிக்கெட்' என்று அழைப்பதுண்டு. ரயில் நிலையத்தின் சீட்டு விற்கும் சாளரத்திலிருந்து நேரே வழக்குத் தமிழுக்குள் வந்து சேர்ந்த சொல் அது. அதன் வேரைத் தேடிப் போனால் 1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு ரயில்வேச் சட்டத்தில் போய் நிற்கிறோம். அன்று வணிக வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் அது. நாளொன்றுக்கு ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்ல வேண்டும். மணிக்குச் சராசரியாக 12 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். மழையும் வெயிலும் படாத பெட்டியில் ஏழைக்கும் இருக்கை வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது. இத்தனை விதிகளுக்கும் நடுவே, அவ்வண்டிகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை, மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம் என்ற வரியும் இடம்பெற்றது. இந்திய ரயில்வேயில் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரைக் கட்டணம் என்று நெடுங்காலம் வழங்கிவந்த முறையும் இந்த மரபைச் சேர்ந்ததே. முன்பதிவுப் பெட்டியில் தனிப் படுக்கை வேண்டுமென்றால் அந்த வயதினருக்கும் முழுக் கட்டணம் என்று 2016 ஏப்ரலில் மாற்றம் வந்தது.

அந்த ஒரு வரியின் விளைவு பெரிது. அதுவரை உழைக்கும் மக்கள் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் பிழைப்புக்காகத்தான். காலையில் புறப்பட்டுக் கடலையோ பூங்காவையோ பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவது, அதுவும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்புவது, வண்டியும் குதிரையும் வைத்திருந்தவருக்கே வாய்த்த இன்பம். ஒரு நாள் உலாவை ஏழைக் குடும்பத்தின் கைக்கு எட்டவைத்தது ரயில்.

அதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக 1841 ஜூலை 5ஆம் நாளைக் குறிப்பிடுவார்கள். மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக் அன்று சுமார் ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ நகரத்துக்குத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். தொலைவு பன்னிரண்டு மைலுக்குள்தான். கட்டணம் ஒரு ஷில்லிங். விடுமுறை நாளில் மதுக்கடையை விட்டால் போக்கிடம் இல்லாத தொழிலாளிக்கு வேறொரு மகிழ்ச்சியைக் காட்டுவதே அவருடைய நோக்கம். அடுத்த சில கோடைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் இவ்வாறே அழைத்துச் சென்றார். பின்னாளில் உலகெங்கும் பரவிய சுற்றுலாத் தொழிலின் விதை, குடும்பத்தைக் குடியிலிருந்து மீட்க நினைத்த இந்த ஒருநாள் பயணம்தான் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. குக்கின் பயணம் நடந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சில் அரசர் லூயி ஃபிலிப்பின் விழாவையொட்டி வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தின் நீரூற்றுகளைக் காணப் பாரிஸ் நகர மக்கள் திரண்டு போயிருந்தார்கள். மாலையில் கூட்டம் நிறைந்து திரும்பிய வண்டியின் முன் எஞ்சினுக்கு மெயுதோன் அருகே அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழ, எஞ்சினின் நெருப்பு அவற்றைப் பற்றிக்கொண்டது. அன்றைய வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சரியான எண்ணிக்கையில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மாண்டவர்களுள் துமோன் துர்வில் என்ற கடலோடி ஒருவர். உலகைக் கப்பலில் சுற்றிவந்தவர்; தென் துருவப் பனிக்கரையை 1840இல் கண்டு, அதற்குத் தம் மனைவி அதேலின் பெயரைச் சூட்டியவர். பனிப்பாறைகளுக்கிடையே கப்பலைச் செலுத்தி உயிரோடு மீண்டவர், மனைவியோடும் மகனோடும் நீரூற்று பார்க்கப் போன ஒருநாள் உலாவிலிருந்து வீடு திரும்பவில்லை. மூவரும் ஒன்றாகவே இறந்தார்கள். அவரது உடலைத் துருவப் பயணத்தில் உடன் சென்ற அறிஞர் ஒருவர் மண்டையோட்டைக் கொண்டுதான் அடையாளம் கண்டாராம்.

பிரான்சு அத்துடன் கதவைப் பூட்டும் வழக்கத்தைக் கைவிட்டது. இங்கிலாந்தில் எழுத்தாளரும் பாதிரியாருமான சிட்னி ஸ்மித் அதே ஆண்டில் பூட்டிய கதவுகளைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். அவரது அங்கதம் புகழ் பெற்றது. பெரிய மனிதர் ஒருவர், ஒரு பிஷப்பாகவே இருந்தால் நல்லது, பெட்டிக்குள் எரிந்து போனால்தான் இந்தக் கம்பெனிகள் திருந்தும் என்பது அக்கடிதங்களின் சாரம். சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடியதல்ல இந்தச் சிரிப்பு. யாருடைய மரணம் சட்டமாகும், யாருடைய மரணம் வெறும் செய்தியாகும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை வர 47 ஆண்டுகள் ஆயின. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகரத்து மெதடிஸ்டு ஞாயிறு பள்ளி தன் பிள்ளைகளையும் பெற்றோரையும் வாரன்பாயிண்ட் கடற்கரைக்கு அழைத்துச் செல்லத் தனி ரயில் ஏற்பாடு செய்தது. சுமார் 24 மைல் பயணம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் மிகுந்தது. ஏறத்தாழ 940 பேர் வந்துவிட்டார்கள். பெட்டிகள் கூட்டப்பட்டன. அத்தனை பாரம் ஏற்றுவதற்கு எஞ்சின் ஓட்டுநர் மறுப்புச் சொல்லியும் அது ஏற்கப்படவில்லை. பதினைந்து வண்டிகளோடு ரயில் புறப்பட்டது. சீட்டு இல்லாதவர் ஏறிவிடக்கூடாதென்று கதவுகள் பூட்டப்பட்டன. வெர்சேல்ஸ் தந்த பாடம் அங்கே எட்டவில்லை.

ஆர்மாவைத் தாண்டியதும் மைல்கணக்கில் நீளும் ஏற்றம். 75 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்து. உச்சிக்குச் சிறிது தொலைவு இருக்கையில் எஞ்சின் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பின்பாதியை இழுப்பது என்று பொறுப்பாளர் முடிவு செய்தார். முடிவின் அபாயம் பிரேக்கில் இருந்தது. அந்த வண்டியில் இருந்தது சாதாரண வேக்குவம் பிரேக். எஞ்சின் காற்றை உறிஞ்சி வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும். குழாயைக் கழற்றிவிட்டால் பிடி விட்டுப்போகும். ஆகவே பிரித்துவிட்ட பத்து வண்டிகளையும் தாங்கி நின்றவை கடைசி வண்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களுமே. முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிறைந்த பெட்டிகள் இறக்கத்தில் தாமாகவே ஓடத் தொடங்கின.

அந்தத் தடத்தில், ஒரு வண்டி சென்று குறிப்பிட்ட நிமிடங்கள் கழிந்ததும் அடுத்த வண்டியை விட்டுவிடும் முறை இருந்தது. முன்னே சென்ற வண்டி அடுத்த நிலையத்தைச் சேர்ந்ததா என்று அறியும் ஏற்பாடு இல்லை. ஒன்றரை மைல் பின்னோக்கி ஓடிய பெட்டிகள், கீழிருந்து ஏறிவந்த வழக்கமான ரயிலின் மீது மோதின. 80 பேர் இறந்தார்கள். சுமார் 260 பேர் காயமுற்றார்கள். இவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள். பொறுப்பாளர் மீது வழக்கு நடந்து இறுதியில் அவர் விடுதலையானார்.

இந்தப் பேரிடருக்கு மருந்து முன்பே தெரிந்திருந்தது. தானியங்கி பிரேக் என்ற ஒன்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அதன் தத்துவம் நேர் எதிரானது: வெற்றிடம் இருக்கும்வரை சக்கரம் உருளும், குழாய் அறுந்து காற்று புகுந்த கணமே ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கும் தானே பிடிக்கும். ஆர்மா மேட்டில் இது இருந்திருந்தால் பிரித்த பெட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். ஒரு தடத்துண்டில் ஒரே வண்டி என்னும் பிளாக் முறையும் அதுபோல அறியப்பட்டதே. அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள், கம்பெனிகள் செலவைக் காட்டித் தள்ளிப்போட்டன. கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை.

ஆர்மாவுக்குப் பின் சட்டம் வந்தது. 1889 ஆகஸ்டு 30 அன்று, விபத்து நிகழ்ந்த 79ஆம் நாள், பிளாக் முறை, சமிக்ஞையும் தடமாற்றியும் ஒன்றையொன்று பூட்டும் அமைப்பு, பயணி வண்டிகளுக்குத் தானியங்கித் தொடர் பிரேக் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. சிட்னி ஸ்மித் கேட்ட பிஷப் எரியவில்லை. பெயர் பெற்ற எவரும் அந்த வண்டியில் இல்லை. கடற்கரைக்குப் புறப்பட்ட எளிய குடும்பங்களின் பிள்ளைகளே நாடாளுமன்றத்தை அசைத்தார்கள் என்பது, அங்கதக்காரர் எண்ணிப் பார்க்காத விடை. அதை அறத்தின் வெற்றி என்று கொண்டாடவும் மனம் ஒப்பவில்லை. அறிந்ததைச் செய்ய எண்பது உயிர் வேண்டியிருந்தது.

தானியங்கி வேக்குவம் பிரேக் இந்திய ரயில்களிலும் தலைமுறைகளாக இருந்து, பின்னர் காற்றழுத்தப் பிரேக்குக்கு இடம் கொடுத்தது. அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதன் சூட்சுமமும் அதுவே: சங்கிலி குழாயின் ஒரு வாயைத் திறக்கிறது, மற்றதைப் பிரேக்கே பார்த்துக்கொள்கிறது. நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் பயணமாக எங்கேனும் போய்வரும்போது, இருக்கைக்கு மேலே தொங்கும் அந்தச் சங்கிலியை விளையாட்டாக இழுக்கப் போகும் சிறுவனை அதட்டி உட்காரவைக்கிறோம். அதன் பின்னால் இருக்கும் வரலாறு நமக்குச் சொல்லப்பட்டதில்லை.

ஆர்மா நகரத்தின் மால் பூங்காவில் 125ஆம் நினைவாண்டான 2014இல் ஒரு சிலை நிறுவப்பட்டது. கடற்கரை மணலில் விளையாட வாளியும் சிறு மண்வாரியும் ஏந்தி நிற்கும் ஒரு சிறுமியின் சிலை அது.