பெயர் இடம்மாறிய ஆய்வு

சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் நாள்தோறும் பயணம் செய்வோர் பலர். காசநோயைப் பற்றிய உலக மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பேராய்வு ஒன்று அத்திருவள்ளூரின் சுற்றுப்புறச் சிற்றூர்களில்தான் நிகழ்ந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நூல்கள் அதனைச் 'செங்கற்பட்டு ஆய்வு' என்றே வழங்குகின்றன. 1968-இல் அது தொடங்கியபோது பூவிருந்தவல்லியும் ஆவடியும் திருவள்ளூரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. 2019-இல் செங்கற்பட்டு என்னும் பெயர் தெற்கே வேறொரு மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஊர் இங்கே இருக்க, பெயர் அங்கே போய்விட்டது!

பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்குமா என்பதே அன்று எழுந்த வினா. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். ஒரு பகுதியினருக்குச் செலுத்தப்பட்டது தடுப்பு மருந்தே அன்று, மருந்தற்ற திரவம். எது யாருக்கு என்பதை ஊசி ஏற்றவரும் அறியார், போட்டவரும் அறியார். பின்னர்ப் பதினைந்து ஆண்டுகள், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவினர் மீண்டும் மீண்டும் வந்தனர். யாருக்கு நோய் கண்டது எனத் தேடினர். பெரியவர்களுக்கு ஊசியால் பாதுகாப்பு ஏதும் இல்லை, சிறுவர்களுக்கும் சிறிதளவே என்பது முடிவு. பச்சிளங்குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளினின்று அது காப்பதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

இவ்வரலாற்றில் யார் குரல் எஞ்சியுள்ளது? ராஜாஜி 1955-இலேயே பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து நூல் வெளியிட்டார். அது அச்சில் உள்ளது. அறிவியலாளரின் முடிவுகளும் 1979-இலும் 1999-இலும் அச்சேறின. ஆனால் கையை நீட்டியவர்கள் அவ்வறிக்கைகளில் எண்களாகவே நிற்கின்றனர். பதிவு பெற்றும் ஊசி போடாதவர் 85,000-க்கும் மேல். ஊரில் இல்லாதவர், தகுதி பெறாதவர் நீங்கலாக, 'வேண்டாம்' என்று மறுத்தவரும் அவர்களுள் இருந்திருப்பர். என்ன காரணம் கூறி மறுத்தனர்? இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்துக் கொடுத்த தாய்க்கு, அது வெறும் திரவமாகவும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டதா? கழித்தல் கணக்கு இவற்றுக்கு விடை தராது.

நாம் ஏடுகளின் அருமை அறிந்தவர்கள். பாட்டனார் பெயரைப் பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் கண்டு கண் கலங்கியவர் நம் பங்குகள்தோறும் உண்டு. அங்கே ஏழை எளியவருக்கும் பெயர் உண்டு, ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. மருத்துவ ஏட்டில் பெயரைத் திறந்து காட்டுதல் தகாது. நோயாளியின் மறைவு காக்கப்பட வேண்டியதே. ஆயினும், விரும்பிச் சொல்பவரின் நினைவைக் கேட்டு எழுதி வைக்கத் தடை ஏதும் இல்லை. அரசு வந்து செய்யட்டும் எனக் காத்திருப்பது வீண் என்பது என் கருத்து. பங்கு இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டுடன் திருவள்ளூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளுக்குச் சென்றாலே போதும்.

அன்றைய கைக்குழந்தைகள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அன்று இருபது வயதில் இருந்தோர் எண்பதை நெருங்குகின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் வினா எளியது: "ஊசி போட வந்தவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள்?"