ஒரே கலத்தில் உண்டவர்

பெல்ஜிய நாட்டுத் தந்தை தமியான் 1873 மே திங்களில் ஹவாய் முடியரசின் மொலொக்காய்த் தீவை அடைந்தார். கடலும் செங்குத்துப் பாறையும் அடைத்த அக்கரையில், அரசு 1866 முதல் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்தது.

அவரது அன்றாட வாழ்வு உழைப்பிலேயே கழிந்தது. புண்களைக் கழுவினார், வீடு கட்டினார், குடிநீர்க் குழாய் பதித்தார், சவப்பெட்டி செய்து குழியும் தோண்டினார். அம்மக்களின் மொழியிலேயே மறையுரையாற்றினார். தொடவேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தும், மசித்த சேப்பங்கிழங்கை அவர்களோடு ஒரே கலத்தில் கையிட்டு உண்டார். விலகி அமர்ந்து உண்பவரை அவர்கள் தம்மவராக எவ்வாறு ஏற்பர்?

நோய் அவரையும் பற்றியது. 1889-இல், 49-ஆம் வயதில் மறைந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஏழையர்க்கு உணவு அனுப்புகிறோம், நன்று. அவர்தம் திண்ணையில் அமர்ந்து அவர்களோடு உண்ண நாம் ஆயத்தமா?