வெற்றிடத் தூக்கிகளின் வரலாறு

வெற்றிடத் தூக்கி என்பது கண்ணாடித் தகடு, கருங்கல் பலகை, கான்கிரீட் ஓரக்கல் போன்ற கனமான கட்டுமானப் பொருள்களைக் காற்றழுத்த வேறுபாட்டின் துணையால் பற்றித் தூக்கும் கருவியாகும். ரப்பர் விளிம்பு கொண்ட கிண்ணம் ஒன்று பொருளின் மீது வைக்கப்படுகிறது. விசைப்பம்பு கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. பிடி இறுகியதும் கிரேன் அல்லது எக்ஸ்கவேட்டர் பொருளைத் தூக்குகிறது.

இதன் அடிப்படை அறிவியல் 17-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஆயினும் கட்டுமானத் தளங்களுக்கு இக்கருவி வந்து சேர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. பெரிய தட்டையான பொருள்கள், நம்பத்தக்க பம்புகள், தொழிலாளி தூக்கும் எடைக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் பிற்காலத்திலேயே உருவாயின.

காற்றின் எடை

உறிஞ்சு பம்பினால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடிவதில்லை என்பதைக் கிணறு தோண்டுவோரும் சுரங்கத் தொழிலாளரும் அறிந்திருந்தனர். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயைக் கொண்டு இதன் காரணத்தை விளக்க வழிகாட்டினார். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளியே உள்ள வளிமண்டலமே அதை மேலே தள்ளுகிறது. 1648-இல் பாஸ்கலின் அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியே, பிரான்சின் புய் த தோம் மலை மீது பாதரசக் குழாயைக் கொண்டு சென்றார். உச்சியில் பாதரச மட்டம் அடிவாரத்தைவிடச் சுமார் 8 செ.மீ. தாழ்ந்திருந்தது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது என்பது இதனால் உறுதியானது.

ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயராக இருந்த ஆட்டோ வான் கெரிக், காற்றை வெளியேற்றும் பம்பை உருவாக்கினார். சுமார் 50 செ.மீ. விட்டமுள்ள இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை நீக்கினார். 1657-இல் மாக்டபர்க்கில் பக்கத்துக்கு 8 ஆக 16 குதிரைகளைப் பூட்டி இழுத்துக் காட்டிய சோதனை புகழ்பெற்றது. அந்த அளவுள்ள கோளத்தின் இரு பாதிகளை அழுத்திப் பிடிக்கும் விசை, கணக்குப்படி 2 டன் எடைக்குச் சமமாகும்.

வெற்றிடத் தூக்கியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கிண்ணத்துக்குள் அழுத்தம் குறைந்தவுடன், பொருளின் அடியில் உள்ள காற்று அதைக் கிண்ணத்தோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்துகிறது. ‘உறிஞ்சுதல்’ என்று வழக்கில் சொன்னாலும், பாரத்தைத் தாங்குவது வெளிக்காற்றே.

கையால் தூக்கிய காலம்

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைப்பில் எழுந்த பளிங்கு மாளிகை, கண்ணாடிக் கட்டடக் கலையில் ஒரு திருப்புமுனை. அதில் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. ஆனால் ஒவ்வொரு தகடும் சுமார் 124 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. எடை ஒன்றரைக் கிலோ அளவில் இருந்தது. கூரை வடிகால்கள் மீது உருண்டு சென்ற வண்டிகளில் அமர்ந்து தொழிலாளர்கள் அவற்றைக் கையாலேயே பொருத்தினர். பெரிய கட்டடத்தையும் ஒருவர் தூக்கக்கூடிய சிறு துண்டுகளாகப் பிரித்ததால் தூக்கும் கருவி தேவைப்படவில்லை.

கான்கிரீட்டும் கண்ணாடியும்

20-ஆம் நூற்றாண்டில் கட்டுமானத் துண்டுகளே பெரிதாயின. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் கே. பி. பில்னர், புதிதாக ஊற்றிய கான்கிரீட்டிலிருந்து மிகுதியான நீரை வெற்றிடத்தால் வெளியேற்றும் முறையை 1930-களில் உருவாக்கினார். அதே நுட்பம் பின்னர் முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளைத் தூக்கவும் பயன்பட்டது. பலகைக்குள் கொக்கியைப் புதைக்க வேண்டியதில்லை. விளிம்பில் சங்கிலி கட்டி உடைக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு.

கண்ணாடித் துறையிலும் மாற்றம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் அலஸ்டேர் பில்கிங்டன் 1952-இல் ஆராயத் தொடங்கிய மிதவைக் கண்ணாடி முறை 1959-இல் அறிவிக்கப்பட்டது. உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, தேய்த்து மெருகேற்றாமலேயே சமதளமான தகடுகளைப் பெறும் முறை இது. இன்று வழக்கில் உள்ள பெருந்தகடு 6 மீட்டர் நீளமும் 3.21 மீட்டர் அகலமும் கொண்டது. அது 10 மி.மீ. தடிமன் இருந்தால் சுமார் 480 கிலோ எடை இருக்கும். விளிம்பு கூர்மையாகவும், பிடிக்க இடமில்லாமலும் உள்ள இத்தகைய தகட்டை ஆள்களை வைத்துத் தூக்குவது ஆபத்தானது. வழவழப்பான அதன் பரப்போ வெற்றிடக் கிண்ணத்துக்கு மிகவும் ஏற்றது.

தூக்குபவரின் முதுகு

வளவளப்பில்லாத, கனம் மிகுந்த பொருள்களுக்கு இக்கருவி பரவியதில் தொழிலாளர் நலச் சட்டங்களுக்குப் பங்குண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் அதிகபட்ச எடை குறித்த 127-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரை, வயதுவந்த ஆண் தொழிலாளி வழக்கமாகத் தூக்கும் எடைக்கு 55 கிலோவை எல்லையாகக் கொண்டது. இந்தியா இந்த உடன்படிக்கையை 2010-இல் ஏற்புறுதி செய்தது. ஐரோப்பாவில் 1990-இல் வந்த நெறிமுறை, கையால் தூக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் எனப் பணி தருவோரைக் கட்டாயப்படுத்தியது.

சாலை ஓரக்கல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பிரிட்டனில் வழக்கமான கான்கிரீட் ஓரக்கல் ஒன்றின் எடை சுமார் 67 கிலோ. அதைக் குனிந்து, முதுகை முறுக்கி, நாள் முழுவதும் வரிசையாக வைப்பது முதுகெலும்பைப் பாதிக்கும் வேலை. எனவே அந்நாட்டின் தொழிற்பாதுகாப்புத் துறை, வெற்றிடத் தூக்கி போன்ற கருவிகளைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே காற்று கசிவதால், இத்தகைய தூக்கிகளில் கசிவை ஈடுகட்டும் அளவுக்கு மிகுந்த காற்றை வெளியேற்றும் ஊதிகளும் பஞ்சு ரப்பர் விளிம்புகளும் பயன்படுகின்றன.

பாதுகாப்பும் வரம்புகளும்

30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் 60 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால், அது கணக்குப்படி 430 கிலோ வரை தாங்கும். ஆனால் அந்த எடையை அதில் ஏற்றுவதில்லை. 2003-இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை, தூக்கும் எடையைப்போல் குறைந்தது இரு மடங்கைத் தாங்கும் பிடி வேண்டும் என்கிறது. ஆகவே அக்கிண்ணத்துக்கு 215 கிலோவே உச்ச எல்லை. பொருளைச் செங்குத்தாக நிறுத்தித் தூக்கும்போது உராய்வு மட்டுமே அதைத் தாங்குவதால், அனுமதிக்கும் எடை இன்னும் குறையும்.

மின்சாரம் நின்றாலும் பிடி உடனே விடாதிருக்க, ஒருவழி வால்வும் வெற்றிடத்தைச் சேமிக்கும் கலமும் அமைக்கப்படுகின்றன. அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை ஒலி எழும். பல தூக்கிகளில் தனித்தனியான இரு வெற்றிடச் சுற்றுகள் உண்டு. இவை அனைத்தும் இருந்தாலும், தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் நிற்கக்கூடாது என்பதே முதல் விதி.

தூசி, ஈரம், சொரசொரப்பான பரப்பு ஆகியவை பிடியைத் தளர்த்தும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கு அளவே இருக்கும். எனவே கடலோரத்தில் தூக்கும் எடையை அங்கே அதே கருவியால் பாதுகாப்பாகத் தூக்க முடியாது. 1648-இல் மலையுச்சியில் கண்டறிந்த உண்மையை இன்றும் கருவியின் எடைப் பட்டியலில் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

இந்தியாவில் ஓரக்கற்களைத் தொழிலாளர்கள் கையால் தூக்கி வைப்பது இன்றும் பொதுவான காட்சி. அங்கெல்லாம் அந்தப் பாரத்தை மனித முதுகே தாங்கி வருகிறது.