ஸ்கேனர் வந்த கதையும் ஒரு வெள்ளைக் கோடும்

இந்த மலருக்காகப் பழைய குரூப் போட்டோக்களைச் சேகரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அழைப்பு அனுப்பிய மூன்றாம் நாளே முடிச்சூரிலிருந்து ஒரு ஸீனியர் சார் போன் செய்தார். "என்கிட்ட ஆறு படம் இருக்கு தம்பி. ஆனா ஒரிஜினல் கிடையாது. ஸ்கேன் பண்ணி வச்சதுதான் மிச்சம்" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க முடியாது. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியோடு சாரின் ஆல்பங்களும் ஊறிப் போயின. அதற்குச் சில வருஷங்கள் முன்பு ஏதோ ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வைத்திருந்த குறுந்தகடு மட்டும் தப்பித்தது.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். படங்கள் அருமை. ஆனால் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாக, மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. ஐந்து படங்களில் அது மரத்தின் மீதும் சுவரின் மீதும் போயிருந்தது. ஆறாவது படத்தில், கடைசி வரிசையில் நிற்கும் ஒர்க்‌ஷாப் உதவியாளரின் கண் வழியாக இறங்கியது. "அவர் போய் ரொம்ப வருஷமாச்சுப்பா. அவரோட வேற போட்டோ எங்க செட்டுல யார்கிட்டயும் இல்லை" என்றார் சார்.

மலர்க் குழுவில் இருந்த ஜூனியர் தம்பி, "இதுக்கு என்ன அண்ணா யோசனை? பக்கத்துல இருக்கறத எடுத்து ஒட்டி ரெண்டு நிமிஷத்துல அழிச்சிடலாம்" என்றான். எனக்கு மனம் வரவில்லை. அழிப்பது வேறு, திருத்துவது வேறு. இல்லாத கண்ணை நாம் வரைந்து வைத்தால், நாளை அவருடைய பேரன் பார்க்கப்போவது நம் கைவேலையைத்தானே? முதலில் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? அதற்கு ஸ்கேனரின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஸ்கேனருக்குத் தாத்தா கம்ப்யூட்டர் அல்ல, தந்தி! 1848-இல் இங்கிலாந்தின் பிரெடரிக் பேக்வெல் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத் தாளில் மின்சாரம் கடத்தாத மையால் எழுதி, அதை ஓர் உருளையில் சுற்றுவார். உருளை சுழலும்போது ஒரு ஊசி அதைத் தடவிக்கொண்டே மெல்ல நகரும். மை உள்ள இடத்தில் மின்சாரம் நிற்கும், இல்லாத இடத்தில் ஓடும். மறுமுனையில் இதே போன்ற உருளையில் ரசாயனத் தாள். தத்துவம் சரிதான். ஆனால் இரண்டு உருளைகளும் கொஞ்சமும் பிசகாமல் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். பிசகினால் எழுத்துகள் சாய்ந்து கோணிக்கொள்ளும். ஆக, ஸ்கேனர் பிறந்த அன்றே ஸ்கேனர் ரிப்பேரும் பிறந்துவிட்டது. கெட்டுப்போன படத்தைப் பார்த்து, கருவியில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் வித்தைக்கும் அதே வயதுதான்.

கம்ப்யூட்டருக்குள் படம் நுழைந்தது 1957-இல். அமெரிக்க நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், தன் மூன்று மாதக் குழந்தை வால்டனின் படத்தைச் சிறிய உருளையில் சுற்றி வைத்து ஸ்கேன் செய்தார். படத்தின் அளவு 5 சென்டிமீட்டர் சதுரம். கிடைத்தவை 176-க்கு 176, அதாவது 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமென்று வெவ்வேறு அளவில் பலமுறை ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்று நம் பையில் இருக்கும் செல்போன் கேமராவுக்கு அந்தக் குழந்தைதான் மூத்த அண்ணன்.

நம் மெட்ராஸும் இதில் பின்தங்கவில்லை. 1963-இல் சொந்த விமானங்களில் வெளியூர்களுக்குப் பேப்பர் கட்டுகளை அனுப்பத் தொடங்கிய 'தி ஹிண்டு', 1969-இல் பேப்பரை அனுப்புவதற்குப் பதில் பக்கத்தின் பிம்பத்தையே மின்குறிகளாக அனுப்பும் ஃபாக்ஸிமிலி முறைக்கு வந்தது. 1986-இல் அதற்குச் செயற்கைக்கோளும் துணைக்கு வந்தது. ஒரு பக்கத்தை வரிவரியாகப் படித்து அனுப்பினால், வெளியூரில் அது அச்சேறி அதிகாலையிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பேக்வெல் கண்ட கனவு இதுதான்.

வண்ண அச்சு வளர வளர, டிரம் ஸ்கேனர் ராஜாவாயிற்று. ஜெர்மனியின் ருடால்ஃப் ஹெல், இங்கிலாந்தின் கிராஸ்ஃபீல்ட் ஆகிய பெயர்கள் பழைய அச்சுத் தொழிலாளர்களுக்கு மனப்பாடம். கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருளையில் ஃபிலிமை எண்ணெய் தடவி ஒட்டுவார்கள். உருளை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுழலும். ஊசிமுனை அளவு ஒளி ஃபிலிமை ஊடுருவி வரும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று போட்டோமல்டிப்ளையர் குழாய்கள் அளக்கும். நிழலுக்குள் இருக்கும் நிழலைக்கூட அவை காட்டிக் கொடுக்கும்.

ஆனால் ராஜாவுக்குச் சேவகமும் அதிகம். உருளையில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாப் படத்திலும் அது தெரியும். டேப்பின் பசையைத் துடைக்காமல் விட்டால் அடுத்த ஃபிலிம் சரியாகப் படியாது. எண்ணெயில் காற்றுக்குமிழி அகப்பட்டால் அது படத்தில் வட்டமாக விழும். பேரிங் தேய்ந்தால் கோடுகள் அதிரும். போட்டோமல்டிப்ளையருக்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்சாரம் தேவை. அது ஓடும்போது மூடியைத் திறந்து அறை வெளிச்சம் பட்டால் குழாயே பாழ். இன்னொரு சங்கடம், உருளையில் சுற்ற வளையும் பொருளாக இருக்க வேண்டும். பைண்டு செய்த புத்தகத்தையும் ஓலைச்சுவடியையும் உருளையில் சுற்ற முடியுமா?

அதற்கு விடை 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. வில்லார்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற ஒளியுணரும் சில்லைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 1976-இல் ரே கர்ஸ்வெய்ல், பார்வையற்றோருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டும் இயந்திரத்தில் இந்தச் சில்லை வைத்துத் தட்டையான கண்ணாடி ஸ்கேனரை அமைத்தார். பிறகு விலை இறங்கி, 1990-களில் டி.டி.பி. சென்டர்கள் முளைத்தபோது, குரோம்பேட்டை, தாம்பரம் கடைவீதிகளிலும் அது வந்து உட்கார்ந்தது. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, குரூப் போட்டோ எல்லாம் அந்தக் கண்ணாடி மேல்தான்.

இனி நம் கோட்டுக்கு வருவோம். தட்டை ஸ்கேனருக்குள் ஒரு விளக்கு, சில கண்ணாடிகள், ஒரு லென்ஸ், ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கான சி.சி.டி. செல்கள். எல்லா செல்களும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று மந்தம். நம் கிளாஸ் மாதிரிதான்! ஆகவே ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்பு, கண்ணாடியின் விளிம்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையை அது பார்த்துக்கொள்கிறது. 'இதுதான் வெள்ளை' என்று வைத்து, மந்தமான செல்லுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுச் சமன் செய்கிறது.

அந்தப் பட்டையில் ஒரு தூசி உட்கார்ந்தால்? அதற்கு நேரே உள்ள நல்ல செல்லையும் மந்தம் என்று முடிவு கட்டி, படம் முழுக்க அதற்கு அதிக மதிப்பெண் போட்டுக்கொண்டே போகும். விளைவு, மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு.

இதுதானா என்று சோதித்தேன். ஆறு படங்களிலும் கோடு இடது ஓரத்திலிருந்து சரியாக 1,412-ஆவது பிக்ஸலில் தொடங்கியது. அகலம் மூன்று பிக்ஸல். போட்டோ முடிந்த பிறகும் நிற்காமல், ஒட்டியிருந்த சாம்பல் நிற அட்டை மீதும் ஓடியது. போட்டோவில் விழுந்த மடிப்பு அட்டைக்குத் தாவுமா? ஆக, குற்றவாளி போட்டோ அல்ல, மெஷின். கடையில் ஒருவர் அன்று படத்தைத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்திருந்தால், கோடு படத்தோடு திரும்பாமல் பழைய இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருப்பார். கண்ணாடியைக் கழற்றி ஒரு துணியால் துடைத்தால் தீர்ந்திருக்கும்.

ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கோட்டுக்கு அடியில் படம் அழியவில்லை, மிகைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை மடங்கு என்பதைச் சாம்பல் அட்டையே சொல்லிவிட்டது. ஒரே நிற அட்டையில் கோடு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கும். அந்த மூன்று வரிசைகளையும் அந்த விகிதத்தால் வகுத்தேன். கண் திரும்பி வந்தது. பக்கத்திலிருந்து கடன் வாங்கியதல்ல, அவருடைய கண்ணேதான். அவர் வெள்ளைச் சட்டையில் மட்டும் கோடு போகவில்லை. ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது உச்சத்தைத் தாண்டி வழிந்துவிட்டதால் அங்கே மீட்க எதுவும் இல்லை. அதை அப்படியே விட்டிருக்கிறோம். இம்மலரில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் சட்டையில் உள்ள கோட்டை அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

1949-இல் சி.ராஜம் அவர்கள் நம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோதே ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸோடு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியையும் ஒரு படிப்பாக வைத்தார். அந்தத் துறையின் பாலபாடம், ரீடிங்கைச் சந்தேகப்படும் முன் ரெஃபரன்ஸைச் சந்தேகப்படு என்பதுதான். செமஸ்டருக்கு நெட்டுரு போட்ட வரி, ஒரு மனிதரின் கண்ணில் வந்து அர்த்தமாயிற்று.

வீட்டில் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்ணாடியில் நேராகத் திரவம் தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரே இடத்தில் புள்ளி என்றால் கண்ணாடியில் தூசி. நீளக் கோடு என்றால் வெள்ளைப் பட்டை. மங்கலான அகலப் பட்டை என்றால் உள் கண்ணாடியில் அழுக்கு. நேர்கோடுகள் நெளிந்தால் பெல்ட்டையும் வண்டி ஓடும் கம்பியையும் பாருங்கள். கரகர சத்தம் வந்தால், பயணப் பூட்டைத் திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். விளக்கு சூடேறச் சில நிமிஷம் கொடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் ஆகிவிட்டதே என்று ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-இல் தொடங்கியது. புத்தகங்களை மைக்ரோஃபிலிம் எடுத்தது, மூலத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டது. நம் ஆல்பங்களுக்கும் அந்த மரியாதை வேண்டும். எந்த மெஷினில் எந்தத் தூசி இருந்தது என்று ஸ்கேன் செய்த அன்று யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் பழைய படங்களையும் எடுத்து வாருங்கள், நண்பர்களே. வெள்ளைப் பட்டையைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறோம்.