லியோ கணினி: ஒரு தேநீர்க்கடை நிறுவனத்தின் தரவுத் திட்டம்

வணிகத்தில் தரவுப் பகுப்பாய்வு என்றதும் அமெரிக்கப் பெருநிறுவனங்களே நினைவுக்கு வரும். ஆனால் அன்றாட வணிகக் கணக்குக்கென்று உலகில் முதன்முதலாகக் கணினியைப் பயன்படுத்தியது, தேநீரும் பன்னும் விற்ற ஓர் ஆங்கிலேய நிறுவனம். அதன் பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி. 1894இல் இலண்டன் பிக்காடில்லியில் முதல் தேநீர்க்கடையைத் திறந்த இந்நிறுவனம், பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளையும் பெரிய பேக்கரிகளையும் நடத்தியது.

ஒரு பன்னில் கிடைக்கும் ஆதாயம் நம் ஊர்க் காலணாக் கணக்கைப் போன்றது. அதைக் கணக்கிட எழுத்தருக்குக் கொடுக்கும் கூலி ஆதாயத்தையே விழுங்கிவிடக்கூடும். லயன்ஸின் சிக்கல் இதுதான்.

1923இல் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் பணியில் சேர்ந்தார். கணக்கு என்பது நடந்ததைப் பதிந்து வைப்பது மட்டுமன்று, மேலாளர் முடிவெடுக்க உதவ வேண்டும் என்பது அவர் கொள்கை. 1930களில் அலுவலக முறைகளை ஆராயவே தனிப்பிரிவு அமைந்தது. இந்தப் படிவத்தை யார் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார் என்று அது கேட்டது. கணினி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விகள் கேட்கப்பட்டன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1947இல் நிறுவனத்தின் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் இருவரும் அமெரிக்கா சென்றனர். பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த கோல்ட்ஸ்டைன், கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் என்பவர் கணினி கட்டிவருவதைச் சொன்னார். சொந்த நாட்டுச் செய்தியைக் கடல் கடந்து போய்த்தான் அறிய வேண்டியிருந்தது! லயன்ஸ் வில்க்ஸுக்கு 3000 பவுண்டு உதவியது. அவரது எட்சாக் கணினி 1949 மே மாதம் இயங்கியதும், பிங்கர்டன் என்னும் பொறியாளரைக் கொண்டு அதே அமைப்பில் தனக்கொன்று கட்டிக்கொண்டது. அதுவே லியோ.

1951 நவம்பர் இறுதியில் பேக்கரிப் பொருள்களின் மதிப்புக் கணக்கு லியோவில் ஓடியது. எளிய கணக்கு, தவறினாலும் பெரிய கேடில்லை என்பதால் அதை முதலில் எடுத்தனர் என்று கருதலாம். சம்பளக் கணக்கு அப்படியன்று. அது 1954இல்தான் முறையாகத் தொடங்கியது. தேர்ந்த எழுத்தருக்கு ஓர் ஆளின் சம்பளக் கணக்குக்கு 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை வினாடி.

எனினும் வேகத்தைவிட டேவிட் கேமினர் வகுத்த தேநீர்க்கடை ஆர்டர் முறையே எனக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. முன்பு கடை மேலாளரான பெண்கள் நாள்தோறும் முழுப் பட்டியலும் எழுதி அனுப்பினர். கேமினர் முறையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமான தேவை முன்கூட்டியே பதிவாகியிருக்கும். மேலாளர் பிற்பகலில் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும்: நாளை பன் இரண்டு டஜன் கூடுதல், கேக் ஒரு டஜன் குறைவு. கேட்பவர் அதை உடனே அட்டையில் துளையிடுவார். லியோ எல்லாக் கடைகளின் தேவையையும் கூட்டி, மறுநாளைக்கு எது எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அச்சிட்டுத் தரும். திரட்டும் தரவு குறைந்தது; பயனோ கூடியது. இன்றைய நிறுவனங்கள் பல இதற்கு நேர்மாறாக, முதலில் எல்லாவற்றையும் சேமித்துவிட்டுப் பிறகு கேள்வியைத் தேடுகின்றன.

1954இல் லியோ கணினிகளைப் பிறருக்கு விற்கத் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1963இல் அது இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் கணினிப் பிரிவோடு இணைந்தது. பன்னுக்குக் காலணாக் கணக்குப் பார்த்த லயன்ஸ் சறுக்கியது வேறிடத்தில். வெளிநாட்டு நிறுவனங்களை வாங்க அயல்நாட்டு நாணயங்களில் பெற்ற கடன், 1970களில் பவுண்டின் மதிப்பு விழுந்தபோது பெருஞ்சுமையாயிற்று. 1978இல் அல்லைட் புரூவரீஸ் நிறுவனம் லயன்ஸை வாங்கிக்கொண்டது.