ஃப்ராஸ்ட்பைட் (ஆட்டப்பொறி)

ஃப்ராஸ்ட்பைட் என்பது சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள டைஸ் நிறுவனம் உருவாக்கிய நிகழ்பட ஆட்டப்பொறி ஆகும். இது 2008 ஆம் ஆண்டில் வெளியான பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. டைஸின் தாய் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பின்னர் இதனைத் தன் பிற ஸ்டூடியோக்களுக்கும் பொதுப்பொறி ஆக்கியது. பொதுப்பொறி ஒன்றால் பெரிய ஆட்டங்களின் உருவாக்கம் எவ்வாறு தாமதமடைகிறது என்பதற்கு இது பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பொதுப்பொறியின் நோக்கம்

ஆட்டப்பொறி என்பது ஓர் ஆட்டத்தின் அடித்தள மென்பொருள். காட்சிகளை வரைதல், பொருட்களின் இயக்கம், ஒலி ஆகியவற்றை அது கவனித்துக்கொள்வதால், ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இவற்றைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. பிற நிறுவனங்களின் பொறிகளுக்கு உரிமத்தொகை செலுத்த வேண்டும். சொந்தப் பொறிக்கு அச்செலவு இல்லை. ஒரு குழு எழுதிய கருவி மற்றொரு குழுவுக்கும் உதவும். ஏட்டளவில் இக்கணக்கு சரியானதே. 2011 இல் நீட் ஃபார் ஸ்பீட்: த ரன், 2016 இல் ஃபிஃபா 17 எனக் கார்ப் பந்தயமும் காற்பந்தும் இப்பொறிக்கு மாறின.

பயோவேரின் அனுபவம்

ஃப்ராஸ்ட்பைட் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களுக்காகவே எழுதப்பட்டது. கனடாவின் பயோவேரோ, கதைமாந்தராக நின்று நீண்ட கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்களுக்குப் பெயர்பெற்றது. அவற்றில் வீரர் சேர்த்த பொருட்களின் பட்டியல், உடன்வரும் துணைவர்கள், ஆட்டத்தை விரும்பிய இடத்தில் சேமித்தல் ஆகியவை இன்றியமையாதவை. இவற்றுக்கான வசதிகள் பொறியில் போதுமான அளவு இல்லாததால் பயோவேரின் நிரலாளர்களே எழுத நேர்ந்தது. பொறி மேம்படுத்தப்படும் போதெல்லாம் தாங்கள் எழுதியவற்றைத் திருத்தவும் வேண்டியிருந்தது. 2013 இல் வரவிருந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் 2014 நவம்பரில்தான் வெளியானது. எனினும் அது அவ்வாண்டின் சிறந்த ஆட்டத்திற்கான விருதைப் பெற்றது.

அடுத்து வந்த மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா (2017), பாத்திரங்களின் முக அசைவுகளுக்காகக் கேலிக்குள்ளானது. பழியைப் பொறியின்மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. கணினியே கோள்களை உருவாக்கும் திட்டத்தில் அக்குழு நெடுங்காலம் செலவிட்டுப் பின்னர் அதைக் கைவிட்டது. 2018 இல் எதிர்பார்க்கப்பட்டு 2019 பிப்ரவரியில் வெளியான ஆந்தம் ஆட்டத்திலும் தலைமையின் முடிவெடுக்காமை பெரும்பங்கு வகித்தது.

ஆனால் பொறியைப் பகிர்வதில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் உண்டு. பொறியை நன்கறிந்த வல்லுநர்கள் சிலரே. அவர்களும் அனைத்து ஸ்டூடியோக்களுக்கும் பொதுவானவர்கள். ஃபிஃபா அப்போது ஆண்டுதோறும் குறித்த காலத்தில் வெளிவர வேண்டியிருந்த, பெரும் வருவாய் தந்த ஆட்டம். எனவே உதவி அங்கேயே முதலில் சென்றது எனப் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையரின் 2019 ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவிக்கிறது. வெளியில் வாங்கிய பொறியாக இருந்திருப்பின், அதில் முன்பே பழகிய நிரலாளர்களை வேலைக்கு அமர்த்தியிருக்க இயலும். ஒரு நிறுவனத்திற்குள் மட்டும் வழங்கும் பொறிக்கு அவ்வாய்ப்பு இல்லை. புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கற்க வேண்டும்.

பிற்காலம்

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ரெஸ்பான், 2019 நவம்பரில் வெளியான ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் ஆட்டத்தை எபிக் நிறுவனத்தின் அன்ரியல் 4 பொறியில் உருவாக்கியது. பயோவேர் தனது டிராகன் ஏஜ்: த வெயில்கார்டு ஆட்டத்தை ஃப்ராஸ்ட்பைட்டிலேயே முடித்தது. முந்தைய பாகம் வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 2024 அக்டோபர் 31 அன்று அது வெளியானது.