அலை ஓயும் காலம்: கடற்கரைக்குப் போன தமிழர் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயற்குழு அன்பர்களிடம், "நான் பாத்திரக் கடைக்காரன், கல்லூரி வாசலை மிதித்தவனல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "நயினாரே, கடையில உக்காந்து எங்ககிட்ட பேசுறதையே எழுதுங்க, போதும்" என்றார்கள். கடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி பித்தளை விலை பற்றியதல்ல. ஏப்ரல் பிறந்தாலே நம்ம ஆட்கள் கேட்பது, "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கே வரலாற்றுப் பாதையில் ஒரு பதில் சொல்ல முயல்கிறேன். பிழை இருந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

இரு கடலுக்கு நடுவே

பாலக்காட்டுத் தமிழருக்கும் இடுக்கி எல்லைத் தமிழருக்கும் ஒரு பேறு உண்டு. மற்ற ஊர்க்காரருக்குக் கடல் ஒரு திசையில்தான். நமக்கு இரண்டு திசையிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட சுவரில் இயற்கை திறந்து வைத்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். இதன் வழியாகத்தான் பழங்காலத்தில் மேற்குக் கரையின் முசிறிக்கும் கொங்கு நாட்டுக்கும் வணிகம் நடந்தது. கோயம்புத்தூர் அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அதற்குச் சாட்சி. கொடுங்கல்லூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் நிறைய வெளிவந்தன.

இடுக்கிப் பக்கமும் இதே கதைதான். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொண்டே மலையிறங்கிக் கொட்டகுடிக்கு வந்து, வண்டியேறிப் போடிநாயக்கனூருக்குப் போனது. மலைக்கு மேலே இருந்த சிறு ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துச் சென்றது. ஆக, மலையில் இருந்தாலும் நம் பிழைப்பு கடலைப் பார்த்தபடிதான் இருந்திருக்கிறது. ஆனால் பிழைப்புக்காகக் கடலுக்குப் போவது வேறு, மகிழ்ச்சிக்காகப் போவது வேறு. இரண்டாவது எப்போது தொடங்கியது?

பூம்புகாரில் ஒரு விடுமுறை

கடற்கரை விடுமுறை வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் ஆறாவது காதையைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அதற்குப் பெயரே கடலாடு காதை. இந்திர விழா முடிகிற முழுநிலா நாளில் ஊரே கடலுக்குக் கிளம்புகிறது. விடியுமுன் இருட்டிலேயே மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் கடைத்தெரு வழியாகப் போகிறார்கள். கரையில் புன்னை மர நிழல், புது மணல், சுற்றிலும் சித்திரத் திரை, மேலே விதானம், உட்கார வெண்கால் கட்டில். இன்றைக்கு ரிசார்ட்காரர்கள் காசு வாங்கிக் கொண்டு கொடுப்பது இதைத்தானே! அந்தக் கொண்டாட்டத்தை இளங்கோவடிகள் 'கடல்விளையாட்டு' என்கிறார்.

அங்கே அவர் விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். வண்ணமும் சாந்தும் விற்பவர் விளக்கு, பணியாரம் விற்பவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கு, வலை வீசும் பரதவர் படகு விளக்கு, வேற்று நாட்டார் வைத்த விளக்கு என்று பட்டியல் நீள்கிறது. கரை முழுக்க ஒளி. அடுத்து வரும் கானல்வரியில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாங்கி, நெய்தல் நில மக்களின் காதலைப் பாடுவது போலப் பாடுகிறார்கள். விளையாட்டாகத் தொடங்கிய பாட்டு வினையாகி, கோவலன் எழுந்து போய் விடுகிறான். விடுமுறைக்குப் போன இடத்தில் உறவு முறிந்த கதை நம்மிடம் அப்போதே இருக்கிறது!

இளங்கோவடிகள் துறவு பூண்டிருந்த குணவாயிற் கோட்டம் அருகன் கோயில் என்பது பழைய உரைகாரர் கருத்து. கொடுங்கல்லூருக்கு வடக்கே உள்ள மதிலகமே அந்த இடம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் சமண மரபைச் சேர்ந்த அடிகள், நாம் இன்று போய் நிற்கும் அதே மேற்குக் கரையோரம் இருந்து கிழக்குக் கரையைப் பாடினார் என்று எண்ணும்போது எனக்கு உள்ளம் குளிர்கிறது.

முழுக்கு

பின்னாளில் நம்மவர் கடலுக்குப் போனது பெரும்பாலும் முழுக்குக்காக. மாசி மகம், ஆடி அமாவாசை, மலையாள நாட்டில் கர்க்கடக வாவு. வர்க்கலை பாபநாசம் அதற்குப் பேர்பெற்ற கரை. "அலை எப்போ ஓயும், தலை எப்போ முழுகும்" என்பது பழமொழி. ஆனால் அலைக்கும் ஓயும் காலம் உண்டு. மாசி மாதத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை வந்திருக்காது. கிழக்கு, மேற்கு இரண்டு கடலும் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும் நாட்கள் அவை. சாமியைக் கடலுக்கு எடுத்துப் போக அந்த மாதம் அமைந்தது நல்ல பொருத்தம்தான். ஆடியில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அன்றைக்கு என் அப்பா காலத்து ஆட்கள் கூட்டமாகப் போய், கரையோரமே மூன்று முழுக்குப் போட்டு ஏறி விடுவார்கள். நீந்தவும் மாட்டார்கள், உள்ளே போகவும் மாட்டார்கள்.

மருந்தாக வந்த கடல்

ஐரோப்பியர் கடலுக்குப் போனது முதலில் மருந்துக்காக. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1750இல் கடல்நீரின் மருத்துவக் குணம் பற்றி நூல் எழுதினார். குளிக்கச் சொன்னதோடு நில்லாமல் குடிக்கவும் சொன்னார்! பிரைட்டன் என்ற மீனவர் ஊர் அதனால் பணக்காரர் ஊராயிற்று. அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கும் வந்தது. சென்னை ஆளுநராக 1881 முதல் 1886 வரை இருந்த கிராண்ட் டஃப், கடலோரம் நடைபாதை அமைத்து, இத்தாலியின் சிசிலித் தீவு நினைவாக மெரினா என்று பெயரிட்டார். துறைமுகச் சுவர் எழுந்த பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒருவருக்கு உலாவ மணல் சேர்ந்த அதே காலத்தில், இன்னொருவருக்கு வீடு போனது.

திருவனந்தபுரம் கோவளத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1932இல் மாளிகை கட்டினார்கள். 1970களில் ஹிப்பிகளும், அரசு ஹோட்டலும் வந்து அது உலகப் பெயர் பெற்றது. சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம், கன்னியாகுமரிக்கு அருகே ஒரு கோவளம் இருக்கின்றன. ரூம் போடுமுன் எந்தக் கோவளம் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்தது

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசி ஞாயிறு. மேற்குக் கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். நல்ல வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வழியில் ஒரு மீனவர் வலையைப் பிரித்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் மீன் கூடை. நான் துண்டால் மூக்கைப் பொத்திக் கொண்டு விலகி நடந்தேன். அவர் ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

பத்து வயதுப் பேரன் முழங்காலளவு நீரில்தான் நின்றான். ஓர் அலை திரும்பும்போது காலடி மணலோடு அவனை இழுத்தது. "தாத்தா" என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் வாயடைத்து நிற்கையில், வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் அதே மீனவர். பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு வந்தார். சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினேன். "பைசா ஒண்ணும் வேண்டா. இன்னு கடல் சரியல்லா என்னு ஞான் பறஞ்ஞதல்லே?" என்றார். அவர் வழியில் சொன்னது அதுதான்.

அதன் பின்தான் 'கள்ளக்கடல்' என்ற சொல்லைக் கற்றேன். தொலைவில், தென்கடலில் எழும் புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன் போலக் கரையேறும். கேரள மீனவர் வைத்த இந்தப் பெயரையே இன்று விஞ்ஞானிகளும் வழங்குகிறார்கள். ஏப்ரல், மே, அதாவது நம் பிள்ளைகளின் லீவு மாதங்கள், அதற்கு ஏற்ற காலம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐந்து பேர் அலையில் மாண்டார்கள். எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது.

எந்தக் கடல், எந்த மாதம்

எனவே கடைக்கு வருபவர்களிடம் இப்போது நான் சொல்வது இது. ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடலைக் கரையில் நின்று பாருங்கள், இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கே புயல் காலம். தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பரில்தான். அங்கே ஒரு பக்கத்தை ஆண்கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண்கடல் என்றும் அவ்வூரார் பிரித்துச் சொல்வார்கள். ஒரே மணல்திட்டின் இரு புறமும் கடலின் குணம் வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக இரு கரைக்கும் நல்லது. அப்போதும் மெரினாவில் குளிக்க இறங்காதீர்கள், அடிநீரோட்டம் பொல்லாதது. மே மாதம்தான் முடியும் என்றால், அரசின் கடல் எச்சரிக்கையைப் பார்த்து விட்டு, கரையில் உள்ள மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. அன்றிரவு பேரன் தூங்கிய பின் கடலாடு காதையை மறுபடி எடுத்தேன். நான் பலமுறை படித்த விளக்குப் பட்டியல். கொல்லாமையைப் போற்றும் மரபில் வந்த துறவி, மீன் விற்பவர் விளக்கையும் பரதவர் படகு விளக்கையும் விட்டுவிடாமல் மற்ற விளக்குகளோடு சேர்த்தே எண்ணியிருக்கிறார். நான் மூக்கைப் பொத்திக் கொண்டு போனேன். என் ஆகார நியமம் இன்றும் மாறவில்லை, பொழுது சாய்ந்தால் நான் உண்பதில்லை. ஆனால் கடற்கரைக்குப் போனால் இப்போது முதலில் வலைக்காரர் இருக்கும் இடம் தேடிப் போகிறேன். "கடல் எங்ஙனெ உண்டு சேட்டா?" என்று கேட்கிறேன். அவர் தலையசைத்த பிறகுதான் பேரன் செருப்பைக் கழற்றுகிறான்.